குஷிங் வந்த நாயின் தோல்: ஊசி போட்டும் ஏன் ஆறவில்லை?

எட்டு ஒன்பது வயது நாய். இடுப்புக்கு இரண்டு பக்கமும் முடி கொட்டியிருக்கிறது, வயிறு தொங்குகிறது, சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்கிறது. தோலில் கறுப்புப் புள்ளிகள், அங்கங்கே கொப்புளம். சொறி என்று சொல்லி ஓர் ஊசி போடுவார்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கும், மூன்றாவது வாரம் முன்பைவிட மோசமாகும். கடைசியில் ஓசூரிலோ பெங்களூரிலோ யாராவது ரத்தம் எடுத்துப் பார்த்து "குஷிங்" என்று எழுதிக் கொடுக்க, ஃபைலைத் தூக்கிக்கொண்டு பாலக்கோட்டுக்கோ ஊத்தங்கரைக்கோ திரும்பும்போது குழப்பம் இன்னும் கூடியிருக்கும். தோலுக்கென்று போனோம், ஹார்மோன் என்கிறார்கள், சரி என்று ஹார்மோனுக்கு மாத்திரை கொடுத்து ஒரு மாதம் ஆகியும் தோல் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் இது தோல் வியாதியா, இல்லையா?

கோளாறு உள்ளே, அடி வாங்குவது தோல். அதனால் வேலையும் இரண்டு. உள்ளே ஹார்மோனை அடக்க வேண்டும், அது அடங்கும் வரை தோலைத் தனியாகக் காப்பாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் மற்றது பழிவாங்கும். அதோடு, தோலுக்கென்று நாம் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் சில இந்த நோய்க்கு நேரடியாகத் தீனி போடுகிறவை.

குஷிங் என்றால் என்ன

ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் பக்கத்தில் அட்ரினல் என்ற சின்னச் சுரப்பி ஒன்று இருக்கிறது. நாயின் இடதுபக்க அட்ரினல் ஸ்கேனில் பார்த்தால் தோலோடு இருக்கும் நிலக்கடலை மாதிரி நடுவில் இடுங்கி இருக்கும். அதில் சுரப்பதுதான் கார்டிசால். பட்டினி, காயம், பயம் எது வந்தாலும் உடம்பைச் சமாளிக்க வைப்பது அது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. கார்டிசால் அளவுக்கு மீறி மாதக்கணக்கில் உடம்பில் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் குஷிங். 1932-ல் மனிதர்களிடம் இதைப் பிட்யூட்டரிக் கட்டியோடு தொடர்புபடுத்தி எழுதிய அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயர்தான் நோய்க்கு நிலைத்தது. மனிதர்களிடம் அரிதான இந்த நோய் வயதான நாய்களிடம் அவ்வளவு அரிதில்லை. பூடில், டாஷ்ஹண்ட், பாக்ஸர் போன்ற இனங்களில் அதிகம் பார்க்கிறார்கள் என்றாலும் எந்த நாய்க்கும் வரலாம்.

வரும் வழிகள் மூன்று:

1. பிட்யூட்டரியில் கட்டி. பெரும்பாலும் மிகச் சிறியது. தானாக வரும் குஷிங்கில் 80 முதல் 85 சதவீதம் இதுதான்.
2. அட்ரினலிலேயே கட்டி. மீதி ஏறக்குறைய எல்லாமே இது.
3. வெளியிலிருந்து போன ஸ்டீராய்டு. உடம்பு எதையும் அதிகமாகச் சுரக்கவில்லை, நாம்தான் உள்ளே அனுப்பியிருக்கிறோம்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ட்ரையாம்சினோலோன் எல்லாம் கார்டிசாலின் வேலையைப் பல மடங்கு வீரியத்தோடு செய்யும் செயற்கைச் சரக்குகள். அரிப்பை உடனே நிறுத்தும், அதனால்தான் "அந்த டாக்டர் ஊசி போட்டா நின்னுடும்" என்று பெயர் வாங்குகிறது. சில ஊசிகள் ஒரு நாள் இரண்டு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், சில வகைகள் தசைக்குள் தங்கி வாரக்கணக்கில் கசியும். இரண்டாவது வகையை மாதம் ஒன்று என்று ஒரு வருடம் போட்டால் அட்ரினல் வேலையே இல்லாமல் சுருங்கிவிடும், நாய் மட்டும் குஷிங் வந்த நாய் மாதிரியே ஊதி, முடி கொட்டி நிற்கும்.

ஊசி, மாத்திரை மட்டும் இல்லை. காதுக்கு விடும் சொட்டு மருந்து பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மனிதர்களின் படர்தாமரைக்கு வாங்கும் கலவைக் களிம்புகளில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்றவை இருக்கும். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குக் கொண்டுபோனது, ஆனாலும் வீட்டு அலமாரியில் பாதி பிதுக்கிய டியூப் ஒன்று இல்லாமலா இருக்கிறது? அதை நாய்க்குத் தடவினால் தோல் வழியாகவும் போகும், நக்குவதால் வாய் வழியாகவும் போகும். வீட்டில் ஒருவர் தன் கைக்குத் தினமும் தடவிக்கொண்டு அந்தக் கையை நாய் நக்கியே குஷிங் மாதிரி ஆன நாய்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன.

எனவே டாக்டரிடம் போகும்போது, கடந்த ஒரு வருடத்தில் போட்ட ஊசிச் சீட்டு, காது மருந்துப் புட்டி, களிம்பு டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஞாபகமில்லாத ஊசி என்றால் எந்தத் தேதியில் போட்டது என்றாவது சொல்லுங்கள். பரிசோதனையின் முடிவே இதை வைத்து மாறும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஸ்டீராய்டுதான் காரணம் என்று தெரிந்தவுடன் பயந்துபோய் மாத்திரையை அன்றே நிறுத்திவிடக் கூடாது. சுருங்கிக் கிடக்கும் அட்ரினல் திடீரென்று எழுந்து வேலை பார்க்காது, நாய் சோர்ந்து விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில், படிப்படியாகக் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும்.

கார்டிசால் தோலை என்ன செய்கிறது

நம் தோலுக்கு முறுக்கு கொடுக்கும் புரதத்துக்குக் கொலாஜன் என்று பெயர். அதிகப்படி கார்டிசால் புரதத்தைக் கரைக்கும் வேலை செய்கிறது, கொலாஜன் குறைகிறது, தோல் காகிதம் மாதிரி மெலிகிறது. வயிற்றைப் பார்த்தால் அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். லேசாக இடித்தாலும், ரத்தம் எடுத்த ஊசி முனை பட்டாலும் கன்றிப்போய் நீலம் பாயும். இங்கே ஒரு குறுக்குச் சிந்தனை: நம் ஊரில் நாய்க்கு நீலத் திட்டு, சிவப்புப் புள்ளி என்றால் உண்ணிக் காய்ச்சலும் அதே மாதிரி காட்டும், அதில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். குஷிங் என்று முடிவாகிவிட்டதாலேயே உண்ணிக் காய்ச்சல் வராது என்று அர்த்தமில்லை. ஒரு தட்டணு எண்ணிக்கை பார்த்துவிடுவது நல்லது.

முடி விஷயம் வேறு. ஒவ்வொரு முடிக்குழியும் வளர்வது, ஓய்வெடுப்பது, உதிர்வது என்று சுற்றில் இருக்கும். கார்டிசால் அதை ஓய்விலேயே நிறுத்திவைத்துவிடும். இருக்கிற முடி உதிர்ந்தால் புதியது வராது. தேய்மானம் உள்ள இடங்கள், இடுப்பு, தொடைப் பின்புறம், வால், கழுத்துப்பட்டை உரசும் இடம் முதலில் வெறுமையாகும். தலையும் கால்களும் பெரும்பாலும் தப்பித்துவிடும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நிறையப் பேர் முதலில் கவனிப்பது ஸ்கேனுக்கோ குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கோ மழித்த இடத்தில் ஆறு மாதமாகியும் முடி வரவில்லை என்பதைத்தான்.

எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கித் தோல் வறண்டு பொடுகு உதிரும். காலியான முடிக்குழிகளில் அழுக்கும் செத்த தோலும் அடைத்துக் கறுப்புப் புள்ளிகளாகும், அடிவயிற்றில் எள் தூவியது போல. தோலின் காவல் படை தூங்குவதால், எப்போதும் தோலிலேயே குடியிருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட் என்ற பூஞ்சையும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சியும் எல்லை மீறும்.

அரிப்பு ஒரு துப்பு

குஷிங் முடியைக் கொட்டவைக்கும், ஆனால் அது மட்டும் தனியாக அரிக்க வைக்காது. சொல்லப்போனால் உடம்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஓடுவதால் அரிப்பு அடங்கித்தான் இருக்க வேண்டும். குஷிங் உள்ள நாய் சொறிகிறது, கடித்துக்கொள்கிறது என்றால் அங்கே இன்னொன்று இருக்கிறது. பாக்டீரியா, ஈஸ்ட், டெமோடெக்ஸ், சொறிப்பூச்சி, தெள்ளுப்பூச்சி, அல்லது தோலில் சுண்ணாம்பு படிதல். அந்த இன்னொன்றைத் தேடாமல் அரிப்புக்கு ஊசி போட்டால் வண்டி மறுபடி அதே சேற்றில்தான் இறங்கும்.

தேடுவதற்குப் பெரிய லேப் வேண்டாம். கண்ணாடித் தகட்டில் ஒத்தி எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பது, இரண்டும் சாதாரணக் கால்நடை மருந்தகத்திலேயே மைக்ராஸ்கோப் இருந்தால் பத்து நிமிட வேலை. தோல் மெலிந்த நாய் என்பதால் சுரண்டலுக்குப் பதில் முடியைப் பிடுங்கிப் பார்க்கலாமா என்று கேட்கலாம்.

உறுதி செய்வது

இந்த நோய்க்கு ஒரே ரத்தச் சோதனையில் "ஆமாம், இல்லை" கிடையாது. ஏ.எல்.பி என்ற கல்லீரல் நொதி ரத்தத்தில் கூடியிருப்பது சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். வழக்கமாகச் செய்வது குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோன் சோதனை: முதலில் ரத்தம், பிறகு சிறு அளவு மருந்து, 4 மணி நேரம் கழித்து ரத்தம், 8 மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் மாலை 5 ஆகிவிடும். தர்மபுரியிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பெங்களூர் ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்கோ போகிறவர்கள் முழு நாளைக் கணக்கு வைத்துக் கிளம்ப வேண்டும். ஸ்டீராய்டால் வந்த குஷிங்கா என்று பார்க்க ஏ.சி.டி.ஹெச் (பிட்யூட்டரி அட்ரினலுக்கு அனுப்பும் உத்தரவு ஹார்மோன்) தூண்டல் சோதனைதான் சரி. வீட்டில் பிடித்த காலை மூத்திரத்தில் கார்டிசால் விகிதம் பார்க்கும் சோதனையும் உண்டு, அது சாதாரணமாக வந்தால் குஷிங் இருக்க வாய்ப்பு குறைவு என்று தள்ளிவைக்கலாம், கூடுதலாக வந்தால் மட்டும் அதை நம்பிவிடக் கூடாது.

ஏனென்றால் வேறு கடுமையான நோய் இருக்கும் எந்த நாய்க்கும் கார்டிசால் ஏறும். உடம்பெல்லாம் சீழ் பிடித்து, காய்ச்சலோடு இருக்கும் நாய்க்கு அன்றைக்கே குஷிங் சோதனை செய்தால் பொய்யான முடிவு வரலாம். முதலில் தோல் சீழை அடக்கிவிட்டு அப்புறம் சோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னால் அவர் தள்ளிப்போடவில்லை, சரியாகத்தான் செய்கிறார். தைராய்டு குறைபாடும் இருபக்கமும் முடி கொட்டவைக்கும். பொமேரேனியன்களில் ஹார்மோன் அளவெல்லாம் சரியாக இருந்தும் முடி மட்டும் கொட்டித் தோல் கறுக்கும் தனி நோய் ஒன்று உண்டு. அந்த நாய் தண்ணீர் அதிகம் குடிக்காது, வயிறு தொங்காது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து பார்ப்பது அதனால்தான் உதவும். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அதிகம். 10 கிலோ நாய் ஒரு லிட்டரைத் தாண்டிக் குடித்தால் சந்தேகப்பட வேண்டும்.

தண்ணீர் என்றதும் ஃபுளோரைடு ஞாபகம் வரும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல்லில் கறை, முட்டி வலி எதற்கும் போர் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடைச் சொல்லிப் பழகிவிட்டோம், காரணமும் உண்டு. ஆனால் ஃபுளோரைடு குஷிங்கைக் கொண்டுவருவதில்லை. மூத்திரம் அதிகம் போகிறது என்று தண்ணீரைக் குறைத்து வைப்பதும் கூடவே கூடாது. இந்த நாய் குடிப்பதால் அதிகம் போகவில்லை, அதிகம் போவதால்தான் குடிக்கிறது. சட்டியை எடுத்துவிட்டால் உடம்பு வற்றிவிடும்.

உள்ளே அடக்குவது: ட்ரைலோஸ்டேன்

பிட்யூட்டரி வகைக்கு இப்போது முதலில் எழுதுவது ட்ரைலோஸ்டேன். அட்ரினல் கார்டிசால் தயாரிக்கும் ஒரு படியை அது தடுக்கிறது. அட்ரினல் கட்டி என்றால் அறுவை சிகிச்சை முடியுமா என்று பார்ப்பார்கள், முடியாவிட்டால் அங்கும் இதே மருந்துதான். எல்லா மெடிக்கலிலும் வைத்திருக்கும் மருந்து இல்லை, தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாதி பாதியாக்கும் வேலை வீட்டில் வேண்டாம், கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அந்த மருந்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அதிகமாகிவிட்டால் கார்டிசால் தேவைக்கும் கீழே இறங்கிவிடும். குஷிங் நாய் என்றால் கொள்ளைப் பசி நாய். அது ஒருநாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால், வாந்தி எடுத்தால், பேதியானால், கால் தள்ளாடினால் "இன்னிக்கு மூட் சரியில்லை" என்று விட்டுவிடாதீர்கள். அந்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், படுத்துவிட்டால் ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆரம்பித்து 10 முதல் 14 நாளில் முதல் ரத்தச் சோதனை, அப்புறம் ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில். நாய் நன்றாக இருக்கிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள்.

வெளியே காப்பது: நான்கு தொந்தரவுகள்

முதலாவது, சீழும் ஈஸ்ட்டும். திரும்பத் திரும்ப வருவது இதுதான். குஷிங் நாயில் கொப்புளம் பெரிதாக, தளர்வாக இருக்கும், சுற்றிலும் சிவப்பு அவ்வளவாக இருக்காது. அதனால் "பெரிசா ஒண்ணுமில்லை" என்று ஏமாந்துபோவோம். மேலோட்டமான சீழுக்கு இப்போது வெளிச் சிகிச்சைக்குத்தான் முதலிடம் தருகிறார்கள், அதாவது குளோர்ஹெக்சிடின் ஷாம்பு. 2 முதல் 4 சதவீதம் உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும், ஈஸ்ட்டும் இருந்தால் மைக்கோனசோல் கலந்தது. குளிப்பாட்டும் முறையில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறோம்:

1. அழுக்கு அதிகம் என்று முதலில் சாதாரண சோப்புப் போட்டால், அதைச் சுத்தமாக அலசிவிட வேண்டும். சோப்பின் மிச்சம் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்க வைக்கும். நம் பக்கத்து உப்புத்தண்ணீரில் சோப்பு அலசுவது எவ்வளவு கஷ்டம் என்று துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். முடிந்தால் ஒகேனக்கல் குடிநீர் வரும் அன்று இரண்டு குடம் பிடித்துவைத்து அதில் குளிப்பாட்டுங்கள்.
2. ஷாம்பைத் தேய்த்து 10 நிமிடம் விட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம். மூன்று நிமிடத்தில் ஊற்றிவிட்டால் ஷாம்புக் காசு வீண்.
3. பிரஷ், தேங்காய் நார், பீர்க்கங்கூடு எதுவும் வேண்டாம். உள்ளங்கை போதும். தோல் கிழியும்.
4. வெந்நீர் கூடாது. துண்டால் ஒத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் குளிப்பாட்டினால் மதியம் வெயிலில், முடியில்லாத நாய் நடுங்கும்.
5. முதலில் வாரம் இரண்டு மூன்று தடவை, அடங்கியபின் டாக்டர் சொல்லும் இடைவெளியில்.

ஆழமாகப் போன சீழுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தேவைப்படும். ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நான்காவதை ஆரம்பிக்காமல் சீழை எடுத்து எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செலவு ஆகும்தான், ஆனால் பலிக்காத மருந்தை ஒரு மாதம் வாங்குவதைவிடக் குறைவு.

இரண்டாவது, டெமோடெக்ஸ். குட்டிகளிடம் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் இந்தப் பூச்சி, வயதான நாயிடம் திடீரென்று பெருகினால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம், குஷிங் கண்டுபிடிக்கப்படுவதே பல சமயம் இதனால்தான். மனிதர்களுக்கு ஒட்டாது. ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர் வகை மாத்திரைகள் இதற்கு நன்றாக வேலை செய்கின்றன, வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்திருக்கும் ஐவர்மெக்டினைக் கண் அளவில் நாய்க்குப் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அளவு தப்பினால் நரம்பைப் பிடிக்கும், கோலி (Collie) இன நாய்களுக்குச் சிறு அளவே விஷம்.

மூன்றாவது, தோலில் சுண்ணாம்பு படிதல். கழுத்துப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வெள்ளையாக அல்லது இளஞ்சிவப்பாகத் தடித்து, விரல் வைத்தால் மணல் ஒட்டிய மாதிரி நறநறக்கும். உடைந்து புண்ணாகும், அரிக்கும். ஸ்டீராய்டால் வந்த குஷிங்கில் இதை அதிகம் பார்க்கலாம். கால்சியம் என்றதும் பால், முட்டை, எலும்பை நிறுத்துகிறார்கள், அதனால் பலனில்லை. ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், கெட்டுப்போன கொலாஜன்மேல் படிவதுதான் பிரச்சினை. சுரண்டி எடுக்கக் கூடாது. டைமெத்தில் சல்பாக்சைடு என்ற ஜெல்லைச் சிறு சிறு இடமாகத் தடவச் சொல்வதுண்டு, கையுறை போட்டு, இடையிடையே ரத்தக் கால்சியம் பார்த்துக்கொண்டு, டாக்டர் மேற்பார்வையில் மட்டும். கார்டிசால் அடங்கிய முதல் சில வாரங்களில் இந்தத் திட்டுகள் இன்னும் மோசமாகத் தெரியலாம், பல மாதம் கழித்துத்தான் கரையும், சில கரையாமலும் போகும்.

நான்காவது, ஆறாத காயமும் படுக்கைப் புண்ணும். மாந்தோப்பில் சங்கிலியில் கட்டிய காவல் நாய்க்கும் இது பொருந்தும், வீட்டுக்குள் டைல்ஸில் படுக்கும் நாய்க்கும் பொருந்தும். முழங்கை, இடுப்பு எலும்பு முட்டும் இடங்களில் தோல் தேய்ந்து திறந்துகொள்ளும். பழைய போர்வையை நாலாக மடித்துப் போடுங்கள். யூரியா சாக்கு, கோணிச்சாக்கு வேண்டாம், ஒன்று உரம் இருந்த சாக்கு, இன்னொன்று சொரசொரப்பு. சங்கிலியைக் கழற்றிவிட்டு அகலமான துணிப்பட்டை. மூத்திரம் அதிகம் போவதால் அடிவயிறும் தொடையும் ஈரத்திலேயே இருந்து வெந்துபோகும், நாளுக்கு இரண்டு தடவை ஈரத்துணியால் ஒற்றிக் காயவைக்க வேண்டும். ஈ மொய்க்கும் மாதங்களில் சின்னக் கீறலைக்கூட மூடிவையுங்கள், புழு வைத்துவிட்டால் இந்தத் தோலில் ஓட்டை வேகமாகப் பெரிதாகும். பல் சுத்தம் செய்வது, கட்டி எடுப்பது போன்ற அவசரமில்லாத ஆபரேஷன்களை ஹார்மோன் அடங்கும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள், தையல் பிடிக்காமல் பிரிந்துவிடும் ஆபத்து உண்டு.

கைவைத்தியம்

வேப்பெண்ணெய், மஞ்சள், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், புழு வைத்த இடத்துக்கு டர்பென்டைன். வழக்கத்தைக் கேலி செய்வதில் எனக்கு விருப்பமில்லை, ஆனால் தடித்த தோலுள்ள மாடு தாங்குவதைக் காகிதத் தோல் நாய் தாங்காது. பழைய வண்டி ஆயிலில் உலோகக் கழிவு இருக்கும், நக்கினால் வயிற்றுக்குள் போகும், மெலிந்த தோல் வழியாக ரத்தத்துக்கும் போகும். டர்பென்டைன் சதையைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் வறட்சிக்குக் கொஞ்சம் இதம் போலத் தெரியும், ஆனால் ஈஸ்ட் உள்ள தோலில் எண்ணெய்ப் பூச்சு ஈரத்தைப் பிடித்துவைத்து நாற்றத்தைக் கூட்டும். முடி வரட்டும் என்று சோற்றில் நெய், தேங்காய் எண்ணெய் ஊற்றுவதும் தப்பு. குஷிங் நாய்க்கு ரத்தத்தில் ஏற்கெனவே கொழுப்பு ஏறியிருக்கும், கணையம் வீங்கினால் அது வேறு தலைவலி.

எப்போது தெரியும்

தண்ணீரும் மூத்திரமும் பசியும் முதலில் குறையும், சில வாரங்களில். தோலும் முடியும் கடைசி. மூன்று முதல் ஆறு மாதம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நடுவில் மிச்சமிருந்த பழைய முடியும் ஒருசேர உதிர்ந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, நாய் முன்பைவிடக் கேவலமாகத் தெரியும் ஒரு கட்டம் வரலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறையப் பேர் நிறுத்துவது அந்தக் கட்டத்தில்தான். ஓய்வில் நின்றுபோன முடிக்குழிகள் விழித்துக்கொண்டு பழையதைத் தள்ளுவதாகவும் அது இருக்கலாம். புண், சீழ், நாற்றம் இருந்தால் மட்டும் காட்டுங்கள், வெறும் உதிர்தல் என்றால் பொறுக்கலாம்.

இன்னொரு திருப்பம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குஷிங் வருமுன் அந்த நாய்க்குத் தோல் அலர்ஜி இருந்திருந்தால், அதிகக் கார்டிசால் அதை இத்தனை நாள் அமுக்கிவைத்திருக்கும். இப்போது கார்டிசால் இறங்கியதும் பழைய அரிப்பு தலைதூக்கும், பாதத்தை நக்கும், காதைச் சொறியும். முட்டி வலி இருந்த நாய் நொண்டவும் ஆரம்பிக்கலாம். உடனே "மறுபடியும் வந்துடுச்சு" என்று ஸ்டீராய்டு ஊசிக்குப் போனால் இத்தனை மாத வேலையும் போச்சு. முதலில் தகட்டில் ஒத்திப் பார்த்துச் சீழ், ஈஸ்ட், பூச்சி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அப்புறம் ஓக்லாசிடினிப் போன்ற ஸ்டீராய்டு அல்லாத அரிப்பு மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். டெமோடெக்ஸோ கடுமையான தொற்றோ இருக்கும்போது அந்த மாத்திரையும் ஆகாது என்பதால்தான் இந்த வரிசை.

முடி வரும்போது நிறமோ சுருளோ மாறியிருக்கலாம், பழுப்பு லேப்ரடாருக்குத் திட்டுத் திட்டாகக் கருமையாக வந்தாலும் கவலை வேண்டாம். தேறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்கேனுக்கு மழித்த அந்த வயிற்றுச் சதுரம். மாதம் ஒரு தடவை, அதே வெளிச்சத்தில், அதே இடத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.